அலமாரி வாங்கிய லேப்டாப்

"நான் சூடாகறேனா? யாரு, நானா சூடாகறேன்?"

இரண்டாம் மாடியில் எழுந்த கேள்வி நான்காம் மாடிக் கொடியில் காய்ந்த துணிவரை போய் வந்தது.

"உன்னை எங்கடி சொன்னேன்?"

"லேசா வேலை குடுத்தாலே சூடாகுதாம். புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வருதாம். காலையில எழுப்பினா, எழுந்திரிக்கறதுக்குள்ள நீங்க குளிச்சிட்டே வந்துடலாமாம். படிக்கட்டுல நின்னு ஊருக்கே சொல்றீங்களே, வாய் கூசல?"

"ஐயோ, அது லேப்டாப்புடி!"

"ஆகா! இந்த வீட்டுல அதுன்னு என்னைத் தவிர வேற எதையாவது சொல்லியிருக்கீங்களா நீங்க?"

கேட்டது இன்சூரன்ஸ் அண்ணனின் மனைவி; மாட்டிக்கொண்டது அண்ணன். அவர் விற்காத பாலிசி இல்லை, மடக்காத ஆள் இல்லை. ஆனால் பொண்டாட்டி விஷயம் வேறு. மனைவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட அவருக்குக் கூச்சம். "என் வீட்டுக்காரி" என்று சொல்ல அதைவிடக் கூச்சம். போன் வந்தால் "அது கடைக்குப் போயிருக்கு", யாராவது தேடி வந்தால் "அது தூங்குது". குடியிருப்பு முழுக்க இதற்குப் பழகிவிட்டது. போதாக்குறைக்கு, அண்ணியும் அந்த லேப்டாப்பும் அந்த வீட்டுக்குள் வந்தது ஒரே வருஷம். ஆகவே ஒரு மனிதர் படிக்கட்டில் நின்று, "அது வந்து ஏழெட்டு வருஷம் ஆச்சும்மா, முன்ன மாதிரி இல்ல. வெயிட்டும் ஜாஸ்தி. ஆஃபீஸ்ல ஒருத்தர் புதுசா, ஒல்லியா ஒண்ணு வச்சிருக்கார், பாத்தாலே ஆசையா இருக்கு" என்று உருகினால், கதவுக்குப் பின்னால் வெங்காயம் நறுக்குகிற பெண் எதை நினைத்துக் கண்ணீர் விடுவாள்?

இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு காலை மேல்படியிலும் இன்னொரு காலைக் கீழ்ப்படியிலும் வைத்து, தோளில் பையும் கையில் அளவு நாடாவுமாக நின்றவள் அலமாரி.

அலமாரி என்பது குடியிருப்பு வைத்த பெயர். அடுப்படிக்கு அலமாரியும் மேடையும் இழுப்பறையும் வரைந்து கொடுப்பது அவள் தொழில். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் அடுப்படியைப் பார்ப்பாள். "அக்கா, இந்தக் கதவைத் திறந்தா அந்த டிராயர் இடிக்குமே" என்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு மாடிக்கு ஒரு கருத்து உண்டு. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் அதில் கருத்து எதுவும் இல்லை.

அவளுக்கு இப்போது தலைபோகிற விஷயம் வேறு. வேலை பார்த்த ஷோரூமைவிட்டு அந்த மாதக் கடைசியோடு விலகுகிறாள். இனி சொந்தத் தொழில். முதலாளி கோபப்பட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவரோ சிரித்துக்கொண்டே, "தாராளமா போம்மா. போயிட்டு வா. உன் நாற்காலியை யாருக்கும் குடுக்காம காலியாவே வச்சிருக்கேன்" என்றார். அந்த "வா" அவளுக்குத் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது.

கையில் இருந்த வாடிக்கையாளர் ஒரே ஒருத்தர்: ஒரு பல் டாக்டரம்மா. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது பேச்சுக் கொடுத்து இவள் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். வாய் நிறையப் பஞ்சோடு "அழமாழி" என்று இவள் சொன்னதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. என் கிச்சனை வரைஞ்சு காட்டுங்க. பிடிச்சா உங்களுக்குத்தான்" என்றுவிட்டார். பிடிக்காவிட்டால், காலியாக ஒரு நாற்காலி காத்திருக்கிறது.

வரைந்து காட்ட லேப்டாப் வேண்டும். ஷோரூமின் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சேமிப்பில் இருந்தது ஒரு லேப்டாப்புக்குப் போதும். ஒரு தப்புக்குப் போதாது. அதனால்தான் வைத்திருப்பவர்களிடம் அனுபவம் கேட்போம் என்று ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினாள். நம் ஆட்களிடம் வழி கேட்டால்கூடச் சில பேர் யோசிப்பார்கள். லேப்டாப் பற்றிக் கேட்டால் யோசிக்கிறவரே கிடையாது.

கீழ்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "கனம்." அவருடையது அம்மிக்கல் ஜாதி. ஒரு தடவை அதைக் கார் கூரைமேல் வைத்தவர் அப்படியே மறந்து வண்டியை எடுத்துவிட்டார். தெருமுனையில் அது விழுந்தது. "இறங்கிப் போய்ப் பாத்தேன். ரோட்டுக்குத்தான் அடி" என்றார் பெருமையாக. அதைத் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருப்பது அவருக்குத் தெரியாது. பின்னால் நடக்கிறவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் மாடி டியூஷன் டீச்சர் வேறு பாட்டுப் பாடினார். அவருடைய லேப்டாப்பில் கேமராவைத் திரைக்குக் கீழே, எழுத்துக் கட்டைகளின் ஓரத்தில் வைத்துத் தொலைத்திருந்தார்கள். "ஆன்லைன் கிளாஸ்ல என் பிள்ளைங்க என் கண்ணைப் பாத்ததே இல்லம்மா. ரெண்டு வருஷமா என் மூக்குத் துவாரத்துக்குத்தான் குட்மார்னிங் சொல்லுதுங்க. எதை வாங்கினாலும் கேமரா நெத்தியில இருக்கான்னு பாரு." மூக்கு மிஸ் என்று தனக்குப் பெயர் இருப்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் மற்றவர்கள் இருக்கிறார்களே.

மேல்மாடி கம்ப்யூட்டர் தம்பி ஒரு மணி நேரம் பேசினான். அதில் அலமாரிக்குப் புரிந்தது "அக்கா" மட்டும். கடைசியில் பளபளவென்று, தோசைக்கரண்டி போல மெலிசாக ஒன்றைக் காட்டினான். "கண்ணை மூடிக்கிட்டு இதே மாடல் வாங்குங்கக்கா. தண்ணியா ஓடும். நான் ஒரு நாள் கூடக் கஷ்டப்பட்டதில்ல." அவன் பொய் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன்; அந்த லேப்டாப்பும் மேசையைவிட்டு இறங்கியதில்லை, அவனும் நாற்காலியைவிட்டு எழுந்ததில்லை. இரண்டு பேரும் சுகமாக இருந்தார்கள்.

அதற்கு அப்புறம்தான் படிக்கட்டில் இன்சூரன்ஸ் அண்ணனைப் பிடித்து, "அண்ணே, உங்களுது எப்படி?" என்று கேட்டது. "உங்க லேப்டாப்" என்று முழுசாகக் கேட்டிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

"இருடி, இப்பவே காட்டறேன்!" அண்ணியிடம் சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே ஓடி லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். படிக்கட்டுச் சுவர்மேல் வைத்துத் திறந்தார். "நீயே பாரு. இப்ப எழுந்திரிக்காது பாரு. சத்தம் போடும் பாரு."

பொத்தானை அழுத்தினார். ஏழெட்டு வருஷமாக அவரை அழவைத்த அந்தச் சனியன், குளித்துப் பவுடர் போட்ட பிள்ளைமாதிரி உடனே எழுந்து உட்கார்ந்தது. சத்தம் இல்லை. அண்ணி அடியில் கைவைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. கூண்டில் ஏறியதும் சாட்சி பல்டி அடித்துவிட்டது.

"எங்க சத்தம்?" என்றாள் அண்ணி. "எங்க சூடு?"

"இல்ல... தினமும்..."

"தினமும் சத்தம் போடறது யாருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு." அண்ணி செருப்பை மாட்டினாள். அலமாரியின் கையைப் பிடித்தாள். "வா, லேப்டாப் கடைக்குத்தானே? நானும் வரேன். இந்த வீட்டுக்குப் புதுசா, ஒல்லியா எது வருதுன்னு நானும் பாத்துட்டு வந்துடறேன்."

அண்ணன் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினார். தொழில் புத்தி, கடைசிப் படிவரை ஆலோசனை சொல்லாமல் விடமாட்டார். "மடியில வச்சுப் பாத்து வாங்கும்மா! கனம் முக்கியம்! மடியில கனம் இருந்தா வழியில பயம்!"

"கேட்டியா?" என்றாள் அண்ணி. "மறுபடியும் கனம்!"

கடையில் ஏசி குளிரும் பாட்டுச் சத்தமும் ஒன்றுக்கொன்று போட்டி. டை கட்டிய விற்பனைப் பையன், "வாங்க மேடம், பிசினஸ் யூஸா, பர்சனல் யூஸா?" என்று ஆரம்பித்தான்.

"பர்சனல்தான்" என்றாள் அண்ணி. "ரொம்பப் பர்சனல்."

"பிசினஸ்" என்றாள் அலமாரி.

அவன் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில் கம்ப்யூட்டர் தம்பியின் பளபளப்பே இருந்தது, அதைவிடப் புது நிறத்தில். அலமாரி மூடியைத் தடவிப் பார்த்தாள். பிடித்திருந்தது. வாடிக்கையாளர் வீட்டு மேசைமேல் இதை எடுத்து வைத்தால் ஒரு கெத்து இருக்கத்தான் செய்யும். ஷோரூம் முதலாளி பார்த்தால் வயிறு எரியும். வாங்குவதற்கு அது ஒரு நல்ல காரணமாகவே அவளுக்குப் பட்டது.

"பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?"

"பத்து மணி நேரம் மேடம்."

"யாரு வீட்டு மணி?" என்றாள் அண்ணி. "எங்க வீட்டுலயும் ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துல வரேன்னுதான் போன்ல சொல்லுவாரு." சொல்லிக்கொண்டே சார்ஜரை எடுத்துக் கையில் எடை பார்த்தாள். "ஏம்ப்பா, மாப்பிள்ளை ஒல்லியா இருக்கார், சரி. கூடவே வர்ற மாமியார் இவ்வளவு குண்டா?"

பையன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திரையைத் திருப்பினான். "டிஸ்ப்ளேயைப் பாருங்க மேடம். கண்ணாடி மாதிரி."

அண்ணி குனிந்து பார்த்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆமாடி, கண்ணாடியேதான். காதுக்குப் பின்னாடி ரெண்டு நரை இருக்கறது இன்னிக்குத்தான் தெரியுது. எங்க வீட்டுக் கண்ணாடி இதைச் சொன்னதே இல்ல."

அலமாரியின் கை அப்படியே நின்றது.

ஷோரூமில் அவள் நாள்தோறும் திட்டுகிற ஒரு சங்கதி உண்டு. ஃபிரிட்ஜை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் அடுப்படிக்கு வருகிறவர்கள். கதவு சுவரில் இடிக்கும். ஜன்னல் பாதி மறையும். ஒரு அலமாரியை அறுக்க வேண்டி வரும். "வாங்கப் போற பொருளை அளக்காதீங்க. அது நிக்கப் போற இடத்தை அளங்க" என்று தொண்டை வறளச் சொல்வாள். அப்படிப்பட்டவள் நான்கு மாடி ஏறி இறங்கி, கார்க் கூரையையும் மூக்கையும் மேசையையும் அளந்தாளே ஒழிய, தன் லேப்டாப் நிற்கப்போகிற இடத்தை அளக்கவே இல்லை.

கண்ணை மூடி அந்த இடத்தை நினைத்துப் பார்த்தாள். அவள் வேலை செய்யப்போவது எப்படிப்பட்ட அடுப்படி? பாதி இடித்த அடுப்படி. மேசை இருக்காது, நாற்காலி இருக்காது. தொட்டிக்கு மேலே கட்டாயம் ஒரு ஜன்னல் இருக்கும். வெளிச்சம் மூஞ்சியில் அடிக்கும். கரண்டை நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தாவிட்டாலும் பிளக் ஃபிரிட்ஜுக்குப் பின்னால்தான் இருக்கும். ஆண்டவனே வந்து வரைந்தாலும் அங்கேதான் வைப்பான். தரையெல்லாம் சிமென்ட் தூசி. இவள் நின்றுகொண்டு, இடது முழங்கையில் லேப்டாப்பைத் தாங்கி, வலது கையால் "இங்கதான் மேடம் டிராயர்" என்று காட்ட வேண்டும். அந்தக் கண்ணாடியில் டாக்டரம்மா தன் பல்லைத்தான் பார்ப்பார்.

"இது வேண்டாம்" என்றாள்.

அதற்கப்புறம் கடையில் நடந்ததை அந்தப் பையன் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பான். இவள் ஒவ்வொரு லேப்டாப்பாக முழங்கையில் ஏந்திக்கொண்டு, வெயில் அடிக்கிற வாசல் கதவருகே போய் நின்றாள். காவலாளி இரண்டு தடவை எழுந்து நின்றார். பையன் பின்னாலேயே சார்ஜரைப் பிடித்துக்கொண்டு, நாய்க்குட்டியைப் பிடித்துப்போகிறவன்போல நடந்தான். அண்ணி எதிரே நின்று வாடிக்கையாளர் வேஷம் போட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. என் மூஞ்சிதான் தெரியுது. அடுத்தது."

கடைசியில் பின்வரிசைத் தட்டிலிருந்து ஒன்றைப் பையன் தயங்கித் தயங்கி எடுத்தான். "இது பழசு மேடம். ஏதோ கம்பெனில வச்சிருந்து குடுத்தது. சுத்தம் பண்ணி வச்சிருக்கோம். ஆனா லுக் இருக்காது."

லுக் இல்லைதான். இட்லிச் சட்டியின் அடிபோலக் கருப்பு. ஆனால் மூடி ஒற்றை விரலுக்குத் திறந்தது. எழுத்துக் கட்டைகள் விரலுக்கு இதமாக அமுங்கின. திரையில் பளபளப்பு இல்லை; அதனாலேயே வாசல் வெயிலில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் சாய்த்தால் பாய் விரித்தமாதிரி முழுசாகப் படுத்தது. எதிரே நிற்கிறவருக்கும் காட்டலாம். கேமரா நெற்றியில். சார்ஜர் சோப்புக்கட்டி அளவு.

"பாக்க ஒண்ணுமில்ல, ஆனா சொன்னபடி கேக்குது" என்றாள் அண்ணி. "நான் கல்யாணத்துக்கு முன்னாடி இப்படித்தான் யோசிச்சிருக்கணும்."

கருப்பு லேப்டாப் வீட்டுக்கு வந்தது. கம்ப்யூட்டர் தம்பி அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். "போன தலைமுறைக்கா இது! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று துக்கம் விசாரிக்க வந்தவன்போலப் பேசினான். ஆனாலும் நல்ல பையன். வரைகிற மென்பொருளையெல்லாம் ஏற்றிக் கொடுத்தான். திறக்கும்போது ஒரு வெள்ளைப் பூவும், அதன் கீழே "கடைசிவரை உங்களுடன்" என்று ஒரு வரியும் வந்துபோவதைப் பார்த்தான். "முன்ன வச்சிருந்த கம்பெனியோட லோகோ போலிருக்கு. எடுக்கலாம்னா பாஸ்வேர்டு கேக்குது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுதே, யாருக்கா பாக்கப் போறாங்க?" என்று விட்டுவிட்டான்.

சனிக்கிழமை டாக்டரம்மா வீட்டு அடுப்படி, அலமாரி கண்ணை மூடிப் பார்த்த அதே அடுப்படி. சுவர் பாதி, செங்கல் பாதி. கரண்ட் இல்லை. உட்கார ஒரு பெயின்ட் டப்பா இருந்தது. அதில் டாக்டரம்மாவின் பூனை உட்கார்ந்திருந்தது.

"காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

அலமாரி லேப்டாப்பை முழங்கையில் ஏந்திப் பொத்தானை அழுத்தினாள். பூ வந்தது. வரி வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. பூவின் காலடியில் சின்னதாக "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று எழுதியது. வாங்கி இத்தனை நாளில் தோன்றாத ஞானம் அதற்கு அந்த நிமிஷத்தில் தோன்றியிருந்தது. எல்லா லேப்டாப்பும் இந்த விஷயத்தில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், விலையெல்லாம் கணக்கில்லை.

 முதலாளியின் நாற்காலி அவள் கண்முன் வந்து நின்றது, சுழன்று ஒரு வணக்கம்கூடப் போட்டது. முழங்கையைக் கீழே இறக்க முடியவில்லை, மூடியைச் சாத்தவும் முடியவில்லை. பூவை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பூனையும் பார்த்தது.

"கடைசிவரை உங்களுடன்" என்று டாக்டரம்மா வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இது உங்க கம்பெனி வாசகமா?"

"இல்ல மேடம், அது வந்து..."

"முன்ன ஒருத்தர் வந்தாரும்மா. சுவரை இடிச்சாரு. பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு போனாரு. அந்தப் பெரியம்மாவுக்கு இன்னும் குணமாகல. அடுத்து ஒருத்தர் வந்தாரு, அளவெடுத்தாரு, அளவு நாடாவையே இங்க விட்டுட்டுப் போயிட்டாரு. நான் படுக்கையறையில ஸ்டூல் மேல அடுப்பு வச்சு சமைக்கறேன். தலகாணி எல்லாம் தாளிப்பு வாசனை." டாக்டரம்மா அந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார். "கடைசிவரை இருப்பேன்னு எழுத்துல போட்டுக்கிட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்."

  அலமாரிக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. அது எந்தக் கம்பெனியின் வாசகம் என்று அவளுக்கே தெரியாது.

"வாசகம் யாரோடதா இருந்தா என்ன மேடம்," என்றாள் மெதுவாக. "நான் இருப்பேன். கடைசிக் கைப்பிடியை முடுக்கற வரைக்கும்."

லேப்டாப்புக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டதோ என்னவோ, விழித்துக்கொண்டது. அதற்கப்புறம் அது முரண்டு பிடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக அடித்தும் ஒவ்வொரு இழுப்பறையும் தெரிந்தது. அலமாரி அதை ஏந்திக்கொண்டே மூலை மூலையாக நடந்தாள்; டாக்டரம்மா பின்னாலேயே நடந்தார். "இங்க பாத்திரம் கழுவறப்ப முழங்கை இடிக்காது." "இங்க பிளக், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இல்ல, பக்கத்துல." அந்தப் பிளக்கைக் கேட்டதும் டாக்டரம்மா முன்பணம் தரப் பையைத் தேடினார். கரண்ட் வந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. பேட்டரியும் பாதிக்குமேல் மிச்சம்.

முடிந்த அடுப்படியைப் பார்க்க டாக்டரம்மாவின் நோயாளிகள் பாதிப்பேர் வந்து போனார்கள். அவர் சொல்லித்தான் அலமாரி அந்த வாசகத்தையே விசிட்டிங் கார்டிலும் போட்டாள். முதல் கார்டை இன்சூரன்ஸ் அண்ணனிடம் நீட்டினாள்.

அண்ணன் வீட்டில் அப்போதும் பேச்சுவார்த்தை இல்லை. "சாப்பாடு ரெடின்னு சொல்லு" என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொல்வாள். "ஆறிப் போகட்டும்னு சொல்லு" என்று அவர் கூரையைப் பார்த்துச் சொல்வார். அப்படிப்பட்டவர் கார்டைப் படித்துவிட்டு நிமிர்ந்த வேகத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"ஐயையோ, இது எங்க கிடைச்சுது உனக்கு?"

"ஏண்ணே?"

"இது இறுதிச் சடங்கு செய்யற கம்பெனியோட வாசகம்மா! என் பாலிசிக்காரர் யாராவது கண்ணை மூடினா, வீட்டுக்காரங்க எனக்கு அடுத்தபடியா இவங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. வண்டிலயே இந்தப் பூவோட எழுதியிருக்கும்!"

அலமாரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. முதலில் இருமல் போல. அப்புறம் குக்கர் விசில் போல. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கூரையையும் சுவரையும் விட்டுவிட்டு நேராகக் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, அடுப்படிக்கும் அதேதாங்க! ஒரு தடவை உள்ள போனா கடைசிவரைக்கும் வெளிய விடாது!" அண்ணனும் சிரித்தார். சிரித்த சூட்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: இனிமேல் அண்ணியை "அது" என்று சொல்லக்கூடாது. அண்ணன் வாக்குத் தவறாதவர். அன்றிலிருந்து "இது" என்று சொல்கிறார்.

அச்சடித்தது வீணாகக்கூடாதென்று அலமாரி கொடுத்த கார்டு ஊரெல்லாம் சுற்றியதில் போகக்கூடாத மேசைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் இஸ்திரி மடிப்புக் கலையாத கருப்பு பேன்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் அலமாரியின் வீட்டு மணியை அடித்தார். இறுதிச் சேவைக் கம்பெனியின் நிர்வாகி. சண்டை போட வந்தவர்தான். ஆனால் தொழில் காரணமாக அவருக்குக் குரலை உயர்த்த வராது.

"மன்னிக்கணும். இந்த வாசகம் எங்களுது" என்றார், துக்க வீட்டில் பேசுகிற பக்குவத்தோடு.

"லேப்டாப்பும் உங்களுதுதான்" என்றாள் அலமாரி. கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். முகம் மாறியது. பழைய சிநேகிதனைச் சந்தையில் கண்டவர்போல மூடியை ஒற்றை விரலால் திறந்தார். "இது என் மேசையில இருந்ததுங்க. புதுசு வாங்கித் தரோம்னு இதை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப இருக்கறது பளபளன்னு இருக்கும், ஒரு பிரயோஜனமும் இல்ல. பேசிட்டிருக்கறப்பவே குடும்பத்தார் அழற மூஞ்சி அதுல தெரியும், அவங்களே பாத்துட்டு இன்னும் அழுவாங்க." கொஞ்சம் தயங்கினார். "அந்த ஷிஃப்ட் கட்டை லேசா ஒட்டுமே, இன்னும் ஒட்டுதா?"

"ஒட்டுது. கண்ணீரா?"

"இல்லங்க, காபி."

கதவு திறந்தே இருந்தது. மாடிப்படியில் மூன்று பேருக்கு அந்த நேரம் பார்த்துச் செருப்பு வார் அறுந்திருந்தது. உள்ளே பேசியதில் பாதிதான் வெளியே கேட்டது. இரண்டு தொழிலுக்கும் ஒரே வாசகம் இருந்தால் குழப்பம் வருமே என்று இவள் கேட்டாளாம். "எங்க வாடிக்கையாளர் யாரும் இதுவரைக்கும் அடுப்படி கேட்டதில்லங்க" என்றாராம் அவர். கார்டை மாற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனால் அந்த முடிவை எட்ட அவர் அதற்கப்புறமும் நாலைந்து தடவை வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே இஸ்திரி மடிப்பு. ஒரு தடவை அவருடைய அலுவலகத்துக்கு அலமாரி அடிக்க அளவெடுக்கிறேன் என்று இவள் போனாள். அங்கே அளக்க என்ன இருக்கிறது என்று டியூஷன் டீச்சர் கேட்டதற்கு, எல்லாம் நீள வாக்கில்தான் இருக்கும் என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

வருஷம் திரும்புவதற்குள் அந்த இஸ்திரி மடிப்புக்காரருக்கும் அலமாரிக்கும் கல்யாணம். ஷோரூம் முதலாளி வந்து வாழ்த்திவிட்டு, நாற்காலியைப் போன வாரம்தான் வேறு ஆளுக்குக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். அலமாரி அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊரின் அந்தப் பக்கம் குடிபோய்விட்டாள். மாப்பிள்ளையின் பளபளப்பைக் கம்பெனிக்கே திருப்பிவிட்டு இன்னொரு கருப்பு வாங்கிக் கொடுத்தாளாம். இன்சூரன்ஸ் அண்ணனும் அண்ணியும் இன்னும் இரண்டாம் மாடியில்தான். அண்ணன் கடைசியில் புது லேப்டாப் வாங்கிவிட்டார், ஆனால் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திய பிறகே சொல்கிறார். கம்ப்யூட்டர் தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகும்போது டியூஷன் டீச்சரின் தங்கையைக் கட்டிக்கொண்டு போனான். நாற்காலியைவிட்டு எழாத பையன் அந்தப் பெண்ணை எப்போது பார்த்தான், எங்கே பேசினான் என்பது மட்டும் இன்றுவரை ஒருத்தருக்கும் பிடிபடவில்லை.